சங்கனும் பதுமனும் காண்டின் நீதிமன்றத்தில்

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் கூடும் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் அந்தக் கதையைச் சொல்வார்கள். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். சங்கனுக்குச் சிவனே பெரிது, பதுமனுக்குத் திருமாலே பெரிது. வழக்கு அம்பாளிடம் போகிறது. கோமதி அம்மன் தீர்ப்புச் சொல்லவில்லை, தவம் இருக்கிறாள். ஒரு பாதி சிவனும் மறுபாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தருகிறார். வழக்கு தீர்ந்தது.

ஐரோப்பியச் சிந்தனையிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதையும் இல்லை என்பதையும் 1781இல் இம்மானுவேல் காண்ட் எதிரெதிரே நிறுத்தி, இரண்டுக்கும் வலுவான வாதங்களை எழுதிக் காட்டினார். அனுபவம் எட்டாத இடத்தில் அறிவு நின்று வழக்காடுவதால்தான் இந்தச் சிக்கல் என்பது அவர் முடிவு. வேறுபாடு, நீதிபதி யார் என்பதில் இருக்கிறது. சங்கரன்கோவிலில் வழக்கைத் தீர்த்தது காட்சி. காண்டிடம் அறிவே குற்றவாளிக் கூண்டில் ஏறித் தன்னைத் தானே விசாரித்துக்கொண்டது; அந்த விசாரணையை நீங்களும் நானும் வரிவரியாகச் சரிபார்க்கலாம். ஐரோப்பியப் பகுத்தறிவின் பெரிய சாதனை கடவுளை மறுத்தது அல்ல, இதுதான் என்று நான் கருதுகிறேன்.

நமக்கு வந்து சேர்ந்தது எது? 1880களில் சென்னையில் 'தத்துவ விவேசினி' இதழை நடத்தியவர்கள் இங்கிலாந்தின் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவை முன்னோடியாகக் கொண்டார்கள். 1925இல் பெரியாரின் 'குடிஅரசு' இதழ் தொடங்கியது. சுயமரியாதை இயக்கத்தார் இங்கர்சாலையும் ரஸ்ஸலையும் தமிழாக்கினார்கள். பெரியார் 1931 இறுதியில் புறப்பட்டு ஐரோப்பாவை நேரில் பார்த்துவந்தார். இந்த வழிகளில் வந்ததெல்லாம் பெரும்பாலும் குற்றம் சாட்டும் பகுத்தறிவு. அறிவைத் தன்னையே விசாரிக்க வைத்த மெய்யியலாளர்கள் ஹியூமும் காண்டும் நம் பகுத்தறிவு மேடைக்கு வரவில்லை.

இழப்பு சிறியதல்ல. சங்கரன்கோவில் புற்றுமண் நோய் தீர்க்குமா என்று மேடை கேட்டது. சரியான கேள்விதான். ஆனால் நோயுற்ற பிள்ளையோடு வரும் தாய் ஏன் அந்த மண்ணை நெற்றியில் இட்டு மடியில் முடிந்துகொள்கிறாள் என்பது இன்னொரு கேள்வி. அச்சமும் நம்பிக்கையும் மனிதரைச் சமயத்தை நோக்கி எப்படித் தள்ளுகின்றன என்று ஹியூம் 1757லேயே ஆராய்ந்திருந்தார். நம் மேடையோ அவளைப் பலமுறை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்லிக் கடந்துவிட்டது.

தராசின் மறுதட்டும் கனமானது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அதன்மீதான வழக்கு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பிராட்லாவும் மெய்யியலாளர் மில்லும் வாழ்ந்த அதே நகரம் 1908இல் வழக்கத்தின் பக்கம் நின்று, நாடார்களுக்கு நுழைய உரிமையில்லை என்றது. காண்டும் தமது 1797ஆம் ஆண்டு நூலில் பெண்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் முழுக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தினார். தன் எல்லையை அளந்த அறிவு, வாசலில் யாரை நிறுத்தியிருக்கிறோம் என்று பார்க்கவில்லை. சங்கரநாராயணர் கதையும் பார்க்கவில்லை. கருவறையில் இரண்டு தெய்வங்கள் ஓருருவான நாட்டில், சென்னை மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவைச் சட்டமாக்க 1947 வரை ஆயிற்று. அந்த வாசலைத்தான் சுயமரியாதை இயக்கம் முதலில் பார்த்தது. புரோகிதர் இல்லாத திருமணத்தை ஊர் ஊராக நடத்திக் காட்டியது. 1967இல் சட்டமும் அதை ஏற்றது.

ஆகவே தமிழ்ப் பகுத்தறிவை ஐரோப்பாவின் மங்கிய நகல் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யாருக்காக அறிவு பேச வேண்டும் என்பதில் அது காண்டைத் தாண்டியது. எப்படிப் பேச வேண்டும் என்பதில் இன்னும் கடன்பட்டிருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தன்விசாரணை செய்ய நேரமேது என்று அந்தக் கடனைத் தள்ளுபடி செய்பவர்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. தன் மேடையைத் தானே கேள்வி கேட்கும் பழக்கம் இருந்திருந்தால், பெரியார் படத்தை மாட்டிய வீட்டிலேயே மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் சாதி விசாரிக்கப்படுவதை அந்த மேடையே அம்பலப்படுத்தியிருக்கும். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகள் இன்றும் கொல்லப்படும் தென் மாவட்டங்களில், புராணத்தைக் கேள்வி கேட்பதைவிட அவசரமான வேலை அதுதான்.