வசையும் வரலாறும்: சி. வி. வேலுப்பிள்ளையின் மறுமொழி

‘கள்ளத்தோணி’ என்பது வெறும் வசைச்சொல்லன்று. பெருந்தோட்ட முதலாளித்துவம் தன் தேவைக்கெனத் தருவித்த உழைப்பாளரை அத்துமீறிக் குடியேறியோராகக் காட்டும் கருத்தியல் அது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அதற்குச் சட்டவடிவம் நல்கியது.

1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, 1954இல் வெளியிட்ட ஆங்கில நெடுங்கவிதையில் (தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’) வசைக்கு வசை தரவில்லை. தேயிலையடியில் மாண்ட தலைமுறைகளைச் சாட்சியாக நிறுத்தினார். இழிவுரையை உழைப்பின் வரலாற்றால் எதிர்கொண்டமையே அவர்தம் சாதனை.

எனினும், ‘உழைத்தோம், ஆதலின் உரியோம்’ என்னும் வாதம் மட்டும் போதாது. அது உரிமையை உழைப்பின் கூலியாகச் சுருக்கிவிடக்கூடும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிய பின்னரும் அதே வசை சமூக ஊடகங்களில் உலவுகின்றது. எனவே, கண்டிய விவசாயியையும் தோட்டத் தொழிலாளியையும் பகைவராக்கிப் பயன்பெறுவோர் யாவர் என வினவுவதே இன்றைய மறுமொழியின் தொடக்கமாதல் வேண்டும்.