மேடை யாருடையது?
ராக் இசையும் அரசியல் பிரச்சாரமும்

1

1976 ஆகஸ்ட் 5. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம், ஓடியன் அரங்கு. கிதார்க் கலைஞர் எரிக் கிளாப்டன் குடிபோதையில் மேடையேறுகிறார். கூட்டத்தில் அந்நியர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்கச் சொல்கிறார். பிரிட்டன் கறுப்பர்களின் காலனியாகிவிடப் போகிறது, ஈனக் பவலுக்கு ஓட்டுப் போடுங்கள் என்கிறார். பவல் யார்? குடியேறியவர்களுக்கு எதிராக 1968இல் அதே பர்மிங்ஹாமில் பேசி, டோரி கட்சியின் நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டவர். கிளாப்டன் யார்? கறுப்பர்களின் புளூஸ் இசையைக் கேட்டுக் கேட்டு விரல் பழக்கியவர். இரண்டு வருஷம் முன்னால்தான் ஜமைக்காவின் பாப் மார்லி பாட்டு ஒன்றைப் பாடி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். இசை வேணும், இசைக்குச் சொந்தக்காரன் மட்டும் வேண்டாம்.

'ராக் என்றாலே கலகம்' என்று நம்மில் பலர் சொல்லித் திரிந்திருக்கிறோம். அந்தக் கற்பிதத்தை உடைக்க இந்த ஒரு ராத்திரி போதும். எந்த இசைக்கும் பிறவி அரசியல் கிடையாது. யார் பக்கத்தில் நிற்கிறது, யாருக்காக வாசிக்கிறது என்பதில்தான் அதன் அரசியல் உருவாகிறது.

ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக்காரரும் அவருடைய நண்பர்களும் உடனே ஒரு கடிதம் எழுதி இசைப் பத்திரிகைகளுக்கும் 'சோசலிஸ்ட் வொர்க்கர்' ஏட்டுக்கும் அனுப்பினார்கள். உன் இசையில் பாதி கறுப்பர்களுடையது என்று கிளாப்டனுக்கு ஞாபகப்படுத்தினார்கள். நிறவெறிக்கு எதிராக இசை ரசிகர்களின் இயக்கம் ஒன்று வேண்டும், சேர விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள் என்றார்கள். நூற்றுக்கணக்கில் பதில் வந்தது. அந்த நவம்பரில் கிழக்கு லண்டன் மதுக்கடை ஒன்றில் முதல் கச்சேரி. 'ராக் எகெய்ன்ஸ்ட் ரேசிசம்' தொடங்கிய கதை இதுதான்.

2

நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. 1977 லண்டன் மாநகர மன்றத் தேர்தலில் அதற்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு. வெள்ளைத் தொழிலாளி வீட்டுப் பையன்களை அது கால்பந்து மைதானத்தில் பிடித்தது; பங்க் கச்சேரிகளில் பிடித்தது. வேலையில்லாமல், கோபம் மட்டும் மிச்சமிருந்த பையன்கள். அவனிடம் போய் இடதுசாரி ஒருவர் துண்டுப் பிரசுரம் நீட்டினால் வாங்குவானா?

இவர்கள் வேறு காரியம் செய்தார்கள். ஒரே மேடையில் வெள்ளைப் பையன்களின் பங்க் குழு ஒன்று, கரீபியக் குடியேறிகளின் பிள்ளைகள் வாசிக்கும் ரெகே குழு ஒன்று. பல ராத்திரிகளில் கடைசியில் இரண்டும் சேர்ந்து வாசிக்கும். பங்க் கேட்க வந்தவன் ரெகே தாளத்துக்கும் ஆடிவிட்டுத்தான் வீடு திரும்பினான். பாட்டில் 'சரியான கருத்து' இருக்கிறதா என்று யாரும் உரைகல்லை எடுத்து வரவில்லை. மேடையில் அடுத்தடுத்து யார் நிற்கிறார்கள் என்பதே கருத்தாக இருந்தது.

இதை நம் மேடை ஒழுங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமலிருக்கப் பாட்டு. கார் வந்ததும் 'தோழர், முடிச்சுக்குங்க' என்று ஒரு துண்டுச் சீட்டு. கலை என்பது அரசியலுக்கு முந்திய அரைமணி நேரம். இந்த ஒழுங்கைத் திருப்பிப் போட்டதுதான் அந்த இயக்கத்தின் முக்கியத்துவம்.

3

1978 ஏப்ரல் 30. டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடிய கூட்டம் கிழக்கு லண்டன் விக்டோரியா பார்க் வரை நடந்தே போயிற்று. எண்பதாயிரம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கிளாப்டன் பேசிய அதே பர்மிங்ஹாமிலிருந்து வந்த கறுப்பு இளைஞர்களின் ஸ்டீல் பல்ஸ் குழு, கூ கிளக்ஸ் கிளான் கும்பலின் வெள்ளை முக்காட்டைத் தாங்களே போட்டுக்கொண்டு பாடியது. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாடகி பாலி ஸ்டைரீனுக்கு அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரி. தன்பால் விருப்பத்தை ஒளிக்காமல் பாடிய டாம் ராபின்சன் வந்திருந்தார். தி கிளாஷ் குழுவும் வந்திருந்தது.

கிளாஷின் 'ஒயிட் ரயட்' என்ற பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1976இல் லண்டன் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பு இளைஞர்கள் போலீசை எதிர்த்து நின்றதை நேரில் பார்த்து எழுதிய பாட்டு. கறுப்பர்களைப் போல வெள்ளை இளைஞர்களும் அதிகாரத்துக்கு எதிராக எழ வேண்டும் என்பது எழுதியவர்களின் நோக்கம். ஆனால் தலைப்பை மட்டும் கேட்டவன் என்ன நினைப்பான்? 'வெள்ளையர் கலவரம்' என்று நிறவெறியனே கூடப் பாடிக்கொண்டு போகலாம்.

விக்டோரியா பார்க்கில் அந்தப் பாட்டைப் பாட கிளாஷோடு இன்னொருவரும் மேடையேறினார்: ஷாம் 69 குழுவின் ஜிம்மி பர்சி. அவருடைய கச்சேரிகளுக்கு மொட்டைத்தலை இளைஞர்கள் திரளாக வருவார்கள்; அவர்களில் நேஷனல் ஃப்ரண்ட் ஆட்கள் கலாட்டா செய்வதும் வழக்கம். அப்படிப்பட்டவர், ஸ்டீல் பல்ஸ் வாசித்த அதே மேடையில், நிறவெறி எதிர்ப்புக் கூட்டத்துக்கு முன்னால் அதைப் பாடினார். எந்தப் பையன்கள் அதைத் தப்பாக வாசிக்கக்கூடுமோ, அந்தப் பையன்களின் பாடகர். அன்றைக்கு அந்த வாசிப்பின் கதவு அடைபட்டது. பிரதியின் அர்த்தம் பிரதிக்குள் இல்லை, வாசிப்பில் இருக்கிறது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதை அவர்கள் மேடையில் செய்து காட்டினார்கள்.

கிளாஷ் சி.பி.எஸ். கம்பெனியோடு 1977இல் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்ட குழு என்பதையும் மறக்க வேண்டாம். கலாச்சாரத் தொழில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று அடோர்னோ எச்சரித்தது சும்மா இல்லை. விழுங்கும்தான். ஆனால் விழுங்குவதற்கும் செரிப்பதற்கும் நடுவே கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அரசியல் அந்த அவகாசத்தில்தான் வேலை செய்தாக வேண்டும்.

4

கொண்டாடிவிட்டு இத்தோடு நிறுத்தினால் இது பஜனை ஆகிவிடும்.

விக்டோரியா பார்க் முடிந்த நாலாம் நாள், மே 4 அன்று, அல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கிழக்கு லண்டனில் கொலை செய்யப்பட்டார். அந்தச் சவப்பெட்டியின் பின்னால் ஏழாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அந்த ஊர்வலத்தை முன்னின்று நடத்தியது வங்காள மக்கள்.

1978 செப்டம்பர் 24 இன்னும் உறுத்தலானது. தெற்கு லண்டன் பிராக்வெல் பார்க்கில் இரண்டாவது பெரிய இசைத் திருவிழா. அதே நாளில் நேஷனல் ஃப்ரண்ட், வங்காளிகள் வாழும் பிரிக் லேன் பக்கம் ஊர்வலம் கிளம்பியது. ஆளனுப்புங்கள் என்று குரல் வந்தது. போனவர்கள் கொஞ்சம் பேர். இங்கே பல்லாயிரம் பேர் ஆடிக்கொண்டிருக்க, அங்கே தெருவைக் காக்க ஆள் இல்லை. இந்தக் குற்றச்சாட்டுக்குச் சமாதானம் சொல்லலாம், துடைத்துவிட முடியாது.

மேடையிலும் ஓர் இன்மை இருந்தது. பங்க் கூட்டல் ரெகே என்ற சமன்பாட்டில் தெற்காசியர் எங்கே? தெருவில் முதல் அடி வாங்கியவர்கள் அவர்கள். மேடையில் அவர்களுக்கு அநேகமாக இடமில்லை. பெரும்பாலும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்து 'ஏலியன் கல்ச்சர்' என்ற பங்க் குழுவைத் தொடங்கியது 1979இல். வேற்றுக் கலாச்சாரத்தால் பிரிட்டன் மூழ்கடிக்கப்படும் என்று மக்கள் பயப்படுவதாக 1978 ஜனவரியில் தாட்சர் தொலைக்காட்சியில் பேசியிருந்தார். அதிலிருந்து எடுத்த பெயர் அது.

1979 பொதுத் தேர்தலில் நேஷனல் ஃப்ரண்ட் 303 தொகுதிகளில் நின்றது. மொத்த ஓட்டில் 0.6 சதவீதம். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லலாமா? பாதிதான். ஒரு பாசிசக் கட்சி ஒதுக்கப்பட்டது. அதன் பயத்தின் மொழி தாட்சரோடு ஆட்சிக்கே வந்துவிட்டது.

அதே வருஷம் ஏப்ரல் 23. மேற்கு லண்டன் சவுத்ஹாலில் நேஷனல் ஃப்ரண்ட் கூட்டத்தை எதிர்த்துப் பஞ்சாபி மக்கள் திரண்டார்கள். ஆசிரியர் பிளேர் பீச் போலீஸ் அடியில் செத்தார். மிஸ்டி இன் ரூட்ஸ் என்ற ரெகே குழு இயங்கிவந்த 'பீப்பிள் யுனைட்' வீடு அன்று முதலுதவிக்கும் சட்ட உதவிக்குமான இடமாக இருந்தது. போலீஸ் உள்ளே புகுந்து ஒலிக்கருவிகளை நொறுக்கியது. குழுவின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கர் மண்டை உடைந்து நினைவிழந்து கிடந்தார். பிரச்சாரத்துக்காக ஊருக்கு வந்துபோன விருந்தாளிகள் இல்லை இவர்கள், அங்கேயே குடியிருந்தவர்கள்.

5

இனி கட்சி மேடைக்கு வருவோம். 1985 நவம்பரில் லேபர் கட்சிக்காக பில்லி பிராக், பால் வெல்லர் முதலானோர் 'ரெட் வெட்ஜ்' தொடங்கினார்கள். ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கியின் 1919 சுவரொட்டியிலிருந்து எடுத்த பெயர். அதன் தொடக்க விழாவோ நாடாளுமன்றக் கட்டிடத்தில். நல்ல மனசோடுதான் ஊர் ஊராகப் போனார்கள். 1987இல் தாட்சர் மறுபடி ஜெயித்தார். குழுக்களைவிட எம்.பி.க்கள்தான் பெரிய ஷோக்காரர்களாக இருந்தார்கள் என்று பிற்பாடு கசப்போடு சொன்னார் வெல்லர்.

1997இல் பிளேரின் லேபருக்கு இயக்கம்கூடத் தேவைப்படவில்லை. டிரீம் குழுவின் ஒரு நடனப் பாட்டு போதுமாக இருந்தது. நிலைமை இனி மேம்படத்தான் செய்யும் என்பது பாட்டின் சாரம். 2003இல் இராக் போர். 2024 மே மாதம் ரிஷி சுனக் மழையில் நனைந்தபடி தேர்தலை அறிவித்தபோது, வாசலில் எதிர்ப்பாளர்கள் அவரைக் கேலி செய்ய ஒலிக்கவிட்டது அதே பாட்டு. லேபருக்கு இதை இனித் தரமாட்டேன் என்றார் அதைப் பாடிய பீட்டர் கன்னா. நம் கையிலும் ரத்தமா என்று இராக் போரின்போது தன்னையே கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார்.

கலைஞர்கள் கட்சிப் பக்கமே போகக்கூடாது என்று புனிதம் பேசுவது என் நோக்கமில்லை. நிறவெறி எதிர்ப்பு மேடைக்குப் பின்னாலும் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். வித்தியாசம் எங்கே என்றால், யார் வாசிப்பது, யாரோடு வாசிப்பது என்பதை அங்கே வாசிக்கிறவர்களும் ரசிகர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். டிரீம் பாட்டுக்கு அப்படியொரு வாய்ப்பே இல்லை. பாட்டை இரவல் கொடுத்த பிறகு, அது எந்தப் போருக்குப் பின்னணியாகிறது என்று தீர்மானிப்பது வேறு ஆள்.

அடுத்த கூட்டத்துக்குப் பறையடிக்கிறவரையும் பாடுகிறவரையும் கூப்பிடப் போகும் தோழர்களுக்கு என்னிடம் மூன்று கேள்விகள். நோட்டீசில் அவர்கள் பெயர் எங்கே வருகிறது? நிகழ்ச்சியைத் திட்டமிட்ட இரவில் அவர்களுக்கு நாற்காலி போட்டீர்களா? அவர்கள் தெருவில் அடி விழுகிற நாளில் உங்கள் மேடை எங்கே இருக்கும்? பிரிக் லேன் தெரு அன்றைக்குக் கேட்டதும் இதே மூன்றாவது கேள்வியைத்தான்.