யோனாவின் சினம்

பழைய ஏற்பாட்டின் மிகச் சிறிய நூல்களுள் யோனாவின் நூலும் ஒன்று. நான்கே அதிகாரங்கள், 48 வசனங்கள். பெரிய மீனொன்று மனிதனை விழுங்கிய கதை என்ற அளவில் அதனை அறியாதார் சிலரே. ஆனால் மீனைப் பற்றிய பேச்சு மூன்று வசனங்களுள் அடங்கிவிடுகிறது. சிறுவர்க்கான நூல்கள் அம்மூன்றையே பெரிதாக்கி, கீழ்ப்படியாதவன் தண்டிக்கப்பட்டான், பின்னர்க் கீழ்ப்படிந்தான் என்று கதையை முடித்துவிடுகின்றன. அவ்வாறு முடிப்பவர்க்கு நான்காம் அதிகாரம் தேவையே இல்லை. நூலாசிரியருக்கோ அதுதான் தேவை.

நினிவேக்குச் செல்லுமாறு கட்டளை பெற்ற யோனா, யோப்பா துறைமுகத்தில் கூலி கொடுத்துத் தர்சீசுக்குக் கப்பலேறுகிறான். அவன் ஏன் ஓடினான் என்பதை ஆசிரியர் அவ்விடத்தில் கூறாது மறைத்து வைக்கிறார். படிப்போர் அச்சமே காரணம் என எண்ணிக்கொள்கின்றனர். இது கதைசொல்லும் திறத்தின் உச்சம் எனலாம். மீண்டும் கட்டளை வந்தபோது அவன் மறுக்கவில்லை. நினிவேயினுள் சென்று, நாற்பது நாளில் நகர் கவிழும் என்று ஒரே வாக்கியம் கூறுகிறான். மனந்திரும்புங்கள் என்ற சொல்லோ, தப்பும் வழியோ அதில் இல்லை. ஏவிய பணி நிறைவேறியது. ஏவியவரின் நெஞ்சத்தை ஏவப்பட்டவன் ஏற்கவில்லை.

நகரமோ மனந்திரும்புகிறது. அரசன் சாம்பலில் அமர்கிறான், விலங்குகளும் இரட்டுடுத்துகின்றன. அசீரியரின் கல்வெட்டுகளில் இத்தகைய மாற்றம் பற்றிய குறிப்பேதும் இல்லை என்பதும், ஒரு வாக்கியத்திற்கு ஒரு மாநகரே பணிந்தது இயல்பன்று என்பதும் மெய்யே. வரலாறு தேடுவோர்க்கு ஏமாற்றந்தான். ஆசிரியர் காட்ட விழைந்தது நகரின் மாற்றத்தை அன்று. அது கண்டு தீர்க்கதரிசி கொண்ட சினத்தை.

இறைவன் தண்டனையைக் கைவிட்டதும் யோனா வெகுண்டு உண்மையை வெளியிடுகிறான். ஆண்டவர் இரக்கமுள்ளவர், மன்னித்துவிடுவார் என்று முன்னரே அறிந்திருந்தமையால்தான் ஓடினானாம்! அறியாமையால் மீறியவன் அல்லன்; அருளை நன்கறிந்து, அதனை வெறுத்து மீறியவன். தன்னை மீட்ட அருளுக்கு மீனின் வயிற்றில் இருந்தபடியே நன்றிப்பாடல் பாடிய அதே வாய் இது. அப்பாடலில் நினிவே மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது நோக்கற்பாலது.

எனினும் யோனாவை எளிதில் எள்ளி ஒதுக்குதல் முறையன்று. நினிவே அசீரியரின் பெருநகர். கி.மு. 722-இல் சமாரியாவை வீழ்த்தி வட இசுரவேல் அரசை அழித்தவர் அசீரியரே. இந்நூல் அவ்வழிவிற்குப் பின் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்ஙனமாயின், உறவினரைக் கொள்ளைகொடுத்த இனத்தார் முன் இக்கதை படிக்கப்பட்டிருக்கும். கொடியவன் மன்னிக்கப்பட்டால் மடிந்தவர்க்கு நீதி யாது என்னும் வினா அவர்தம் நெஞ்சில் எழாதிருந்திராது. அவ்வினாவை ஆசிரியர் அடக்கவில்லை. யோனாவின் வாயிலாகப் பேச விடுகிறார். நூலின் நேர்மை அங்கேயே உள்ளது.

விடையாக வருவது ஒரு செடி. தமிழ் விவிலியம் அதனை ஆமணக்கு என்கிறது. ஓரிரவில் தழைத்து நிழல் தந்த அதனைப் புழு அரிக்க, அதற்காகச் சாகவும் துணிகிறான் யோனா. தொடர்புடையார்மேற் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் வகுத்த வேற்றுமை ஈண்டு நினைக்கத்தக்கது. தனக்கு நிழல் தந்த செடியிடத்து யோனாவுக்கு அன்பு உண்டு. வலக்கை இடக்கை வேற்றுமை அறியாத 1,20,000 பேரிடத்து அருள் இல்லை. அவர்களோடு மிகுதியான கால்நடைகளும் உள்ளனவே என்று இறைவன் சேர்த்துக் கூறுவது, நகைச்சுவையோ பரிவோ என்று பிரித்தறிய இயலாத அழகுடையது.

அவ்வினாவுடன் நூல் முடிகிறது. யோனா விடை கூறியதாக ஆசிரியர் எழுதவில்லை. ஊர் திரும்பியதாகவும் எழுதவில்லை. நகருக்குக் கிழக்கே, பட்டுப்போன செடியின் அருகே, சுடும் வெயிலில் அவனை விட்டுவிடுகிறார்.