நிக் ஆடம்ஸுக்கு எங்க ஊரில் குளம் கிடைக்காது

ஹெமிங்வேயின் 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' கதையைப் பற்றித் தமிழில் யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது நிமிடத்தில் பனிப்பாறைக்குப் போய்விடுகிறார்கள். 1925-ல் வந்த கதை. போரிலிருந்து திரும்பிய நிக் ஆடம்ஸ் மிச்சிகனில் ஓர் ஆற்றங்கரையில் தனியாகக் கூடாரம் போட்டு டிரவுட் மீன் பிடிக்கிறான். போரைப் பற்றிக் கதையில் பேச்சே இல்லை. சொல்லாமல் விட்டதுதான் கலை, நாமும் அப்படி எழுதுவோம் என்று ஒரு தலைமுறையே கிளம்பியது. எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. அந்த மௌனத்தில் பாதி ஹெமிங்வேயுடையது, மீதி அந்த நிலத்தினுடையது.

கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ரயில் நிக்கை இறக்கிவிடும் செனி ஊரே எரிந்து கிடக்கிறது. வெட்டுக்கிளிகள்கூடக் கரியில் வாழ்ந்து கறுத்துவிட்டன. செனி மரம் வெட்டுகிறவர்களின் ஊராக இருந்தது. பைன் காடு தீர்ந்ததும் ஆட்களும் போய்விட்டார்கள். அதற்கு முன்னால் ஒஜிப்வே, ஒடாவா மக்கள் 1836 ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்த நிலம் அது. நிக்கின் தனிமைக்குப் பின்னால் இத்தனை பேர் காலி செய்திருக்கிறார்கள்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. சின்ன டிரவுட்டைத் திரும்ப ஆற்றில் விடுமுன் நிக் கையை நனைத்துக்கொள்கிறான். உலர்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்பு போய் அந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். கூட்டமான ஆறுகளில் பூஞ்சை பிடித்துச் செத்து ஒதுங்கிய மீன்களைப் பார்த்தவன் அவன். அதனால்தான் பிறர் மீன்பிடிக்கும் ஆற்றுக்கு அவன் போக விரும்புவதில்லை. மனிதக் கை பட்டாலே புண் என்று நினைக்கிற ஒருவனின் கதை இது. போரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இந்தக் கதையை நான் நாகர்கோவில் பக்கம் ஒரு குளத்தங்கரையில் உட்கார்ந்து படித்தேன். கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போய், பெங்களூர் வீட்டைக் காலி செய்து, மனைவி ஏழாம் மாதத்தில் இருந்த சமயம். கையில் ஸ்பின்னிங் ராடு, ரப்பர் தவளை. அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீனுக்குப் போடுகிற அதே தவளைதான். இங்கே அதைத் துரத்தி வருவது விரால்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆளில்லாத குளம் ஒன்றும் இல்லை. மீன்பாசி குத்தகைக்கு ஒருவர், தாமரைக்கு ஒருவர், குளிக்க வருபவர்கள், மாடு கழுவுபவர்கள். முதல் நாளே கேள்விகள் வரிசையாக வந்தன. "யாரு வீட்டுப் பிள்ள?" "எப்பம் வந்தே?" "சோலி என்னாச்சு மக்ளே?"

குத்தகைக்கார அண்ணாச்சி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். "அவனுக்கு வீட்ல இருந்தே சோலியாக்கும். கம்ப்யூட்டர் லா? ராத்திரிதான் வேல." நான் அவரிடம் அப்படிச் சொன்னதே கிடையாது. அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. நிக்குக்கு வெற்று நிலம் கொடுத்த மௌனத்தை எனக்கு ஓர் ஆள் பேசிப் பேசியே கொடுத்தார்.

நம்மூர்க் கதைகளில் சொல்லாமல் விடுவது இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். நாஞ்சில் நாடனின் 'மிதவை' (1986) வேலை தேடி ஊரைவிட்டுப் போகிற படித்த இளைஞனின் நாவல். அதில் வலி வசவிலும் கேலியிலும் சாப்பாட்டு விவரத்திலும் புதைந்து கிடக்கிறது. வாய் ஓயாமல் பேசும் ஊரில் மறைக்க வேண்டியதைப் பேச்சுக்குள்தானே மறைக்க முடியும்? ஆனால் சமீபத்தில் நான் படித்த சில ஏரிக்கரைக் கதைகளில் ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான், குறுகிய வாக்கியங்களில் மீன் பிடிக்கிறான், விவாகரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கிறான். குத்தகைக்காரர் எங்கே சார்? "எந்த ஊரு?" என்று கேட்க ஒரு கிழவிகூடவா அந்தப் பக்கம் வரவில்லை? அந்த ஏரி எனக்கு மிச்சிகனாகத்தான் தெரிகிறது. (மொழிபெயர்ப்பில் படித்த மிச்சிகன் என்பது இன்னும் கஷ்டம்.)

இன்னொன்று. ஒருநாள் தண்ணீரில் செம்மண் நிறத்தில் ஒரு கூட்டம் கொப்பளித்தது. விரால் குஞ்சுகள். பக்கத்தில் தவளையைப் போட்டால் தாயோ தகப்பனோ கட்டாயம் பாயும். பசிக்கு இல்லை, காவலுக்கு. அண்ணாச்சி தூரத்திலிருந்தே கத்தினார்: "குஞ்சோட நிக்குலே, தூண்டில எடு!" நிக்கின் நனைந்த கையும் இந்தக் கத்தலும் ஒரே அக்கறைதான். நிக் தனியாகத் தெரிந்து வைத்திருந்ததை இங்கே கரையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

கதையின் கடைசியில் நிக் சதுப்புக்குள் இறங்க மறுக்கிறான். அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறான். எங்கள் குளத்தில் அப்படித் தள்ளிப்போட முடியாது. கோடையில் தண்ணீர் வற்றும், குத்தகைக்காரர் ஆட்களை இறக்குவார், அடியில் கிடப்பதெல்லாம் ஊர் பார்க்கக் கரைக்கு வரும்.