பரிசும் கேட்போரும்: மலேசியத் தமிழ்ப் படைப்பாளரின் எழுத்தூக்கம் குறித்து ஒரு நோக்கு

படைப்பாளர் ஒருவர் தொடர்ந்து எழுதுவதற்கு எது துணைநிற்கிறது என்னும் வினா இந்நாட்டு இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. அதே விரைவில் விடையும் அளிக்கப்பட்டு விடுகிறது. ஊக்குவிப்பு இல்லை என்பதே அவ்விடை. ஊக்குவிப்பு என்றதும் பரிசு, பரிசு என்றதும் போட்டி என நம் சிந்தனை ஒரே தடத்தில் ஓடப் பழகிவிட்டது. ஆயின், போட்டிகளுக்குக் குறைவில்லாத இச்சூழலில், பரிசு பெற்றவர்களுள் பலர் ஒன்றிரண்டு கதைகளுக்குப்பின் ஏன் எழுதாமற் போகின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பரிசு வேண்டா என்பது நம் கருத்தன்று. பரிசால் இயலக்கூடியது எது, இயலாதது எது எனப் பிரித்தறிதல் வேண்டும் என்பதே நம் நோக்கம்.

இவ்வினாவை அணுக நம் இலக்கண மரபே ஒரு கருவியைத் தருகிறது. சிறப்புப்பாயிரத்தின் கூறுகளை வகுத்த பவணந்தியார், நூலின் பெயர், பொருள், பயன் முதலியவற்றோடு கேட்போரையும் ஒரு கூறாக வைத்தார். காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வார் உளர் என்பதையும் நன்னூல் குறிக்கிறது. இதனை நாம் மாணவர்க்கு மனப்பாடப் பகுதியாகவே கற்பித்து வந்துள்ளோம். படைப்பாளரின் ஊக்கத்தைப் பற்றிய கொள்கையாகப் படித்துப் பார்ப்பதில்லை. நூல் எழக் காரணம் வேண்டும்; அரங்கேறக் களன் வேண்டும்; செவிகொடுப்பார் வேண்டும். அரங்கேற்றம் என்பதும் இன்றைய நூல் வெளியீட்டு விழாப் போன்றதன்று. தொல்காப்பிய அரங்கேற்றம் பற்றி நச்சினார்க்கினியர் கூறும் கதையில், அதங்கோட்டாசான் குற்றங்கூறிக்கொண்டே கேட்க, தொல்காப்பியர் விடை கூறுகிறார். பொன்னாடை போர்த்தியதாக அங்குச் செய்தி இல்லை.

இன்றைய நிலையில் பரிசு 'காரணம்' ஆகிவிட்டது. பரிசளிப்பு மேடையே 'களன்' ஆகிவிட்டது. கேட்போர் என்னும் இடம் வெற்றிடமாக உள்ளது.

புறக்காரணம் படைப்பை என்ன செய்கிறது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் தெரேசா அமாபிலே 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பயன்படும். படைப்பெழுத்தில் ஈடுபட்டிருந்த 72 பேர் அதில் பங்குகொண்டனர். அனைவரும் முதலில் பனியைப் பற்றி ஐக்கூ வடிவில் ஒரு குறுங்கவிதை எழுதினர். பின்னர், எழுதுவதன் காரணங்கள் அடங்கிய பட்டியல் ஒரு பிரிவினரிடம் தரப்பட்டது. எழுதும் இன்பம், தன்னை வெளிப்படுத்தும் நிறைவு போன்ற அகக்காரணங்களே அதில் இருந்தன. மற்றொரு பிரிவினர் பெற்ற பட்டியலில் பொருள், புகழ் போன்ற புறக்காரணங்கள் மட்டும் இருந்தன. மூன்றாம் பிரிவினர் காரணம் எதனையும் எண்ணுமாறு கேட்கப்படவில்லை. அடுத்துச் சிரிப்பைப் பற்றி அனைவரும் எழுதிய கவிதைகளைக் கவிஞர்கள் தரமிட்டபோது, புறக்காரணங்களைச் சற்றுநேரம் எண்ணியவர்களின் கவிதைகள் தாழ்ந்திருந்தன.

இம்முடிவை நாவலுக்கும் நம் சமுதாயத்திற்கும் அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும், பலரும் கவனியாத மறுபாதி ஒன்று இதில் உண்டு. அகக்காரணங்களை எண்ணியவர்களின் கவிதைகள் குறிப்பிடத்தக்க அளவில் உயரவும் இல்லை. எழுத்து இன்பம் தருவது, உள்ளுணர்வை வளர்ப்பது என்று பட்டறைகளில் நாம் ஆற்றும் உரைகள் எவரையும் எழுதவைத்துவிடா என்று கொள்ள இஃது இடந்தருகிறது. எனவே, பரிசும் அறிவுரையும் அல்லாத வேறொன்றைத் தேடவேண்டியுள்ளது.

அத்தேடலுக்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு பற்றி இத்துறை மாணவர் அறிவர். இலக்கிய வரலாற்று நூல்கள் அதனை ஒரு தொடக்கப்புள்ளியாகக் குறித்துவிட்டு அப்பாற் செல்கின்றன. நாம் அதில் காண்பது வேறு. கதையின் உறுப்புகளைப் பாடமாகக் கற்பித்ததனால் மட்டும் அவ்வகுப்பு ஒரு தலைமுறையை எழுதவைத்திருக்க முடியாது. கதையிலக்கணம் கூறும் நூல்கள் பின்னர் எத்தனையோ வந்துள்ளன. தோட்டத்திலோ சிறு நகரிலோ இருந்து எழுதிய ஒருவருக்குத் தம் எழுத்தை ஒருவர் கருத்தூன்றிப் படித்துத் தரம் கூறுவார் என்னும் உறுதியை அது தந்தது. அன்றைய மலாயாவில், பள்ளிப்படிப்பைத் தாண்டாத பலருக்கும் அவ்வுறுதி பரிசினும் அரிதாக இருந்திருக்கும்.

1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி இதனை வேறொரு நிலைக்குக் கொண்டுசென்றார். அவர் பயிற்றுநர் அல்லர். தாமே முதல்தரச் சிறுகதையாசிரியர். இலக்கிய வட்டம் என்னும் பெயரில் அவர் எழுத்தாளரைக் கூட்டிப் படைப்புகளைப் பற்றிப் பேசவைத்தமை, மேடைப் பாராட்டுரைக்குப் பழகியிருந்த சூழலில் புதுமை. தரம் குறித்த கண்டிப்பு எழுத்தாளரைச் சோர்வடையச் செய்யும் என்னும் அச்சம் இன்றும் நம்மிடையே உண்டு. 2007இல் தொடங்கப்பெற்ற வல்லினம் இதழின் விமர்சனப் போக்கைக் குறித்து எழுந்த மனத்தாங்கல்களிலும் அவ்வச்சமே தொனித்தது. கடுமை சிலரைப் புண்படுத்தியிருக்கலாம்; ஆயினும், படிக்காமலே பாராட்டப்படுவதைவிடப் படித்துக் குறைகூறப்படுவது எழுத்தாளரை மதிக்கும் செயல் என்றே நாம் கருதுகிறோம்.

தமிழகத்துச் சான்று ஒன்று இக்கருத்துக்கு வலுவூட்டும். 1930களில் மணிக்கொடிக் காலத்தில் புதுக்கவிதை எழுதிய ந. பிச்சமூர்த்தி, பின்னர் நெடுங்காலம் கவிதையை ஏறத்தாழ விட்டிருந்தார். 1959இல் சி. சு. செல்லப்பா எழுத்து இதழைத் தொடங்கியபின் அவர் மீண்டும் கவிதைக்கு வந்தார். எழுத்து பெரும்பரிசு எதனையும் வைத்திருக்கவில்லை. மதிப்பூதியம் வழங்கும் வசதியும் அதற்கில்லை. சிறு வட்டத்து வாசகரே அதற்கு இருந்தனர். ஆனால், அவர்கள் பிச்சமூர்த்தியின் கவிதை கவிதைதானா என்று வாதிட்டனர். ஆதரித்தவரும் மறுத்தவரும் அவர் வரிகளை நுணுகிப் படிக்க வேண்டியிருந்தது. 1962இல் வெளிவந்த புதுக்குரல்கள் தொகுப்பில் அவரோடு இளைஞர் பலர் சேர்ந்து நின்றனர். அறுபது வயதைக் கடந்த ஒரு கவிஞருக்குத் தம்மைப் பின்தொடரும் கைகள் தென்பட்டதைவிட வேறென்ன ஊக்கம் வேண்டும்?

இனிப் பரிசுகளுக்கு வருவோம். 1970களில் தமிழ் நேசன் நடத்திய பவுன் பரிசுத் திட்டம், 1986 முதல் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திவரும் சிறுகதைப் போட்டி, அதன் விளைவான பேரவைக் கதைகள் தொகுப்புகள், சிங்கப்பூரில் 1993இல் தொடங்கிய தங்கமுனை விருது ஆகியவை இல்லையெனில் இவ்விரு நாட்டுச் சிறுகதை வளம் குன்றியிருக்கும் என்பதில் ஐயமில்லை. போட்டி ஒருவரை எழுதத் தொடங்கவைக்கிறது; முடிவுநாள் அவரை எழுதி முடிக்கவும் வைக்கிறது. இவ்விரண்டும் சிறு உதவிகள் அல்ல.

ஆயின், போட்டிக்கென எழுதும் கை நடுவரை நோக்கியே சிந்திக்கப் பழகுகிறது. தோட்டத்துத் துயரம், முதியோர் இல்லத்தில் விடப்பட்ட தாய், இறுதிப் பத்தியில் திருந்தும் மகன் என ஏற்கப்பட்ட கதைப்பொருள்கள் மீண்டும் மீண்டும் வருவதற்கு எழுத்தாளரின் கற்பனை வறட்சியை மட்டும் காரணமாகக் கூறுதல் நேரிதன்று. நடுவர் ஒருமுறை படிக்கும் வாசகர். முடிவு அறிவித்தபின் அவர் கலைந்துவிடுகிறார். பரிசு பெற்ற எழுத்தாளர் அடுத்த கதையை யாரிடம் காட்டுவார்? அடுத்த ஆண்டுப் போட்டி வரும்வரை அவருக்குக் கேட்போர் இல்லை. இரண்டாம் முறை பரிசு கிட்டாதபோது, தம் கதை ஏன் தவறியது என்று அறியும் வழியும் பெரும்பாலும் இல்லை. எழுத்து அங்கே நின்றுபோவதில் வியப்பில்லை.

எழுதாமல் இருப்பதெல்லாம் வற்றிப்போதல் ஆகாது என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். சுந்தர ராமசாமி 1966இல் ஒரு புளியமரத்தின் கதையை வெளியிட்டபின் சில ஆண்டுகள் எழுதாதிருந்து, 1970களில் வேறொரு மொழியோடு திரும்பினார். நம் நாட்டில் அ. ரெங்கசாமியை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விளங்கிய அவர், புதியதோர் உலகம் (1993), சயாம் மரண ரயில்பாதையில் மடிந்த தமிழரைப் பற்றிய நினைவுச்சின்னம் (2005) முதலிய நாவல்களைத் தம் முதிய வயதில் தந்தார். சப்பானியர் ஆட்சியைச் சிறுவயதில் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அவ்வரலாற்றைச் சொல்லவேண்டியோர் அருகிவந்த காலத்தில் அவர் எழுதினார். பவணந்தியார் மரபு கூறும் காரணம் இங்கே பொருளுக்குள்ளிருந்தே எழுகிறது.

இக்கட்டுரையைப் படிப்போருள் பெரும்பாலோர் ஆசிரியர்கள். அவர்களுள் பலர் எழுத்தாளர்கள். நாற்பது கட்டுரைப் பயிற்சிகளைத் திருத்தியபின் சொந்தக் கதைக்கு மனம் வருவதில்லை என்னும் அவர்களின் முறையீடு உண்மையானது. அதற்கு நாம் மாற்று மருந்து கூற வரவில்லை. ஆனால், ஒரு பள்ளியிலோ வட்டாரத்திலோ நான்கைந்து பேர் திங்களுக்கொரு முறை கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் முன்னரே படித்துவந்து பேசுவதற்கு நிதியோ அமைச்சரின் தலைமையோ தேவைப்படுவதில்லை. தமிழ் நேசன் 2019 சனவரியோடு நின்றுவிட்ட நிலையில், ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் ஒருவர் செய்துவந்த முதல்வாசகர் பணியை இத்தகைய சிறு குழுக்களே ஏற்க இயலும்.

ஆய்வு மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. 1986 முதல் வெளிவந்த பேரவைக் கதைகள் தொகுப்புகளில் இடம்பெற்றோரின் பெயர்களைத் திரட்டி, அவர்களுள் ஐந்தாண்டுக்குப் பின்னும் எழுதியவர் எவர், நிறுத்தியவர் எவர் எனப் பகுத்து, இருசாராரையும் நேரிற் கண்டு வினவலாம். பரிசு பெற்ற கதையைப் பற்றி அவர்களுக்கு யாரேனும் ஒரு கடிதமாவது எழுதினரா என்பதை அவ்வினாப் பட்டியலில் முதலாவதாக வைக்கலாம்.