எண்ணில் சிக்காத கிருமி

புதுச்சேரிப் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை போனால் மெடிக்கல் கோடிங் பயிற்சி விளம்பரம் கண்ணில் படாமல் இருக்காது. நர்சிங், பயோகெமிஸ்ட்ரி முடித்த பிள்ளைகளுக்கு அது சோறு போடுகிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. கோடிங் என்றால் நோய்க்கு எண் போடுவது; ஒரு நோய்க்கு உலகம் முழுக்க ஒரே எண் என்பது பெரிய வசதி. காப்பீடும் இறப்புக் கணக்கும் அதில்லாமல் நகராது. ஆனால் அண்மையில் ஒரு கூட்டத்தில் கோடிங்குக்கு வக்காலத்து வாங்கிய ஒருவர், "பார்டொனெல்லா என்ற கிருமி நம் ஊரில் கிடையாது. பதிவேட்டைப் பாருங்கள், அந்த எண்ணே வரவில்லை" என்றார். கைதட்டல் வேறு. இதைத்தான் விழுங்க முடியவில்லை.

எப்படி வரும்? கூபேர் மார்க்கெட்டில் மீன் வெட்டும் இடத்தைச் சுற்றும், இந்தக் கிருமி தொற்றிய குட்டிப் பூனை ஒன்று ஒரு சிறுமியின் கையைக் கீறுகிறது என்று வையுங்கள். சில நாள் கழித்து அக்குளில் நெறி கட்டுகிறது. ஊசி வைத்து எடுத்துப் பார்த்தால் கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சு. நம் நாட்டில் கிரானுலோமா என்றால் முதலில் காசநோய்தான். பெரும்பாலும் அது சரியும்கூட. ஆறு மாத மாத்திரை, ஏ18.2 என்ற எண், கதை முடிந்தது. பூனைக்கீறல் நெறி பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும் என்பதுதான் வேடிக்கை. வற்றியதும் நல்ல பெயர் மாத்திரைக்குப் போகிறது. பூனையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் எண் சிதறிவிடும். ஐசிடி-10 என்ற நோய் எண் பட்டியலுக்கு உலக சுகாதார மாமன்றம் ஒப்புதல் தந்தது 1990இல். பூனைக்கீறல் கிருமி பெயர் பெற்றது 1992இல். அதுவும் அகழிக் காய்ச்சல் கிருமியும் பார்டொனெல்லா என்ற ஒரே பேரினத்தில் சேர்ந்தது 1993இல். அதற்குள் இழுப்பறைகளை ஆணியடித்துவிட்டார்கள். பார்டொனெல்லாவால் வரும் பெரு நாட்டு நோய்க்கு ஏ44. பூனைக்கீறலுக்கு ஏ28.1. அகழிக் காய்ச்சல், ஒரு காலத்தில் ரிக்கெட்சியா என்று நினைத்த பாவத்துக்கு, அந்தப் பட்டியலில் இன்னமும் ஏ79.0. முதல் உலகப் போரில் பேன் வழியே லட்சக்கணக்கான வீரர்களைப் படுக்கவைத்த நோய் அது. 

இந்தப் பேரினத்துக் கிருமி இதய வால்வில் குடியேறினால் எண் ஐ33.0. கிருமியைக் குறிக்கத் தனி எண் சேர்க்கலாம், ஆனால் பார்டொனெல்லாவுக்கென்று அங்கே இடமில்லை. 'பிற பாக்டீரியா' என்ற பி96.8க்குள் கரைந்துபோகும். அதற்கும் முன்னால் கிருமி அகப்பட வேண்டுமே! இரத்தக் கல்ச்சர் பாட்டிலை ஐந்து நாள் வைத்துவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று எழுதுவதே வழக்கம். இந்தக் கிருமிக்கோ வாரங்கள் வேண்டும். சென்னை ஆய்வாளர்களும் மார்செய் ஆய்வாளர்களும் சேர்ந்து, இங்குள்ள இதய உள்ளுறை அழற்சி நோயாளிகளில் அகழிக் காய்ச்சல் கிருமியான பார்டொனெல்லா குயிண்டானா இருப்பதை 2008இலேயே வெளியிட்டார்கள். தேடினார்கள், கிடைத்தது. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்காது.

ஸ்க்ரப் டைபஸை நினைத்துப் பாருங்கள். 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்ற ஆர்50.9க்குள் எத்தனை பேரைத் தள்ளினோம்! இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் கருத்த பொருக்கைத் தேட மருத்துவர்கள் பழகி, எலைசா பரிசோதனையும் கைக்கு வந்த பிறகுதான் அது நம் வட்டாரத்து நோயாயிற்று. அதைப் பரப்பும் சிற்றுண்ணிகள் அதற்கு முன்பும் கடித்துக்கொண்டுதான் இருந்தன.

கோடரைக் குறை சொல்லாதே, எழுதியிருப்பதற்குத்தான் அவர் எண் போடுவார் என்பார்கள். இங்கிருந்து அமெரிக்கப் புறநோயாளிச் சீட்டுகளுக்கு எண் போடும் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தரும் விதிகளில் ஒன்று, 'சந்தேகம்' என்று எழுதிய நோய்க்கு எண் போடாதே, அறிகுறிக்கு மட்டும் போடு என்பது. பணப் பட்டுவாடாவுக்கு அது நியாயமான விதி. ஆனால் அரிய தொற்று பல நாள் சந்தேகமாகத்தான் வாழ்கிறது. சந்தேகத்தை வடிகட்டிய கணக்கைக் காட்டி, சந்தேகப்படக் காரணமில்லை என்று மருத்துவரிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பெயர் வேண்டாத ஒரு மருத்துவமனையில் வால்வு கெட்ட ஒரு கட்டடத் தொழிலாளியின் கோப்பைப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரி: 'சீராலஜி முடிவு வரவேண்டியுள்ளது'. அந்த வாரமே எண் போட்டுவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வந்த முடிவைக் கோப்பின் பின்னட்டையில் ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தார்கள். பார்டொனெல்லா, பாசிட்டிவ். முன்பக்கத்து எண்ணை யாரும் தொடவில்லை.