சுரியல், சுருட்டை, பரட்டை: முடிக்கு எத்தனை சாதி?

சுருட்டை என்பது முடியின் வடிவம். பரட்டை என்பது அதன் பராமரிப்பு: எண்ணெய் காணாத, சீப்பு படாத தலை. கோரை முடியும் பரட்டையாகலாம். இவ்வளவு தெளிவாக இருக்கிற இரண்டு சொற்களை நாம் ஏன் ஒன்றாகக் குழப்புகிறோம்?

நம் கதைகளைக் கவனித்துப் படித்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். நாயகனுக்கு இருந்தால் 'சுருள்முடி'. பக்கத்து வீட்டுப் பையனுக்கு 'சுருட்டை'. மூட்டை தூக்குகிறவனுக்கு அதே முடி 'பரட்டை'. சொல்லைத் தீர்மானிப்பது முடி இல்லை, அது யார் தலையில் இருக்கிறது என்பதுதான். 1977இல் வந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்த் நடித்த ஊர்வம்பன் பாத்திரத்துக்குப் பரட்டை என்றே பெயர். ஆளைப் பார்க்கும் முன்பே தலையை வைத்துத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சுருட்டையின் சுற்றத்தாரும் அவ்வளவு சுகமில்லை. சுருட்டை விரியன் விஷப்பாம்பு. இலைச்சுருட்டை பயிருக்கு வரும் நோய். காசைச் சுருட்டினான் என்றால் திருட்டு. ஆனால் இதற்கு மூத்த ஒரு சொல் தமிழில் இருந்தது: சுரி. சுருள்வது என்று பொருள். சுரிசங்கு என்பதில் இருப்பது அதுதான். அதிலிருந்து வந்த சுரியல், சுருண்ட முடி. ஒரே வளைவு, ஒரு சொல்லில் பாம்பை நினைவூட்டுகிறது, இன்னொன்றில் சங்கை.

முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் பாடினியின் கூந்தலுக்கு உவமை அறல், அதாவது தண்ணீர் ஓடி நெளி நெளியாக வரி விட்டுப்போன ஆற்றுக் கருமணல். பொருநனின் தலைமுடிக்கு அடைமொழி சுரி. அந்தச் சுருண்ட முடியில்தான் கரிகாலன் பொற்றாமரையைச் சூட்டுகிறான். பட்டு உடுத்திய பிறகுதானே சூட்டினான் என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அதற்கு முன் ஈரும் பேனும் அண்டிய, தைத்துத் தைத்துப் போட்ட கந்தலை அந்தப் பாட்டு ஒளிக்காமல் சொல்கிறது. அழுக்கை உடைமேல் வைத்தது, முடிமேல் வைக்கவில்லை. வறுமைக்கும் உடம்புக்கும் நடுவே புலவர் போட்ட அந்தக் கோடுதான் நமக்கு அழிந்துபோயிருக்கிறது.

இது இலக்கியப் பிரச்சினை மட்டுமில்லை. அண்ணனூர் மாதிரி புறநகர்களிலும் இன்று ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங் என்பவை பார்லர் போகாதவர்களுக்கும் தெரிந்த சொற்கள். முடி வேர்ப்பை வளைந்திருந்தால் முடி சுருண்டு வளரும். மேலே எதைத் தடவி நீட்டினாலும், அடியில் புதிதாக முளைப்பது சுருட்டையாகத்தான் முளைக்கும். நீட்டிக்கொள்வது அவரவர் விருப்பம், அதில் தப்பில்லை. ஆனால் "தலைய ஒழுங்கா சீவிட்டு வா"ன்னு கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அது எவ்வளவு தூரம் விருப்பம்?

நைஜீரிய எழுத்தாளர் அடிச்சியின் 'அமெரிக்கானா' (2013) நாவலில் முடி வெறும் வர்ணனையாக நிற்பதில்லை. கதாநாயகி பின்னல் போட்டுக்கொள்ளப் போகும் கடையிலிருந்துதான் கதை விரிகிறது. இனமும் வேலையும் காதலும் அந்த முடி வழியாகவே பேசப்படுகின்றன. தமிழில் சுருட்டை முடியை அப்படி மையத்தில் வைத்து எழுத நிறைய இடம் இருக்கிறது.

அதற்கு சுரியலை அகராதியிலிருந்து தூக்கிவந்து ஒட்டவைக்க வேண்டியதில்லை. சுருட்டையே போதும், நல்ல சொல். அடுத்த கதையில் ஓர் ஏழையின் தலையை வர்ணிக்கும்போது 'பரட்டை' என்று கை தானாக எழுதினால், ஒரு நிமிஷம் நிறுத்தி, அது சீவாத முடியா, சுருண்ட முடியா என்று மட்டும் பாருங்கள்.